இடது மூளையை எடுத்த பிறகு வந்த பேச்சு: ஒன்பது வயதில் பேசத் தொடங்கிய ஒரு சிறுவனின் நிகழ்வு ஆய்வு

எட்டரை வயது வரை பேச்சே வராத ஒரு சிறுவனுக்கு, பேச்சுக்கு உரியது என்று நாம் எல்லோரும் படித்திருக்கும் இடது பக்க மூளையின் புறணியை, அதாவது வெளி அடுக்கை, அறுவைச் சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான், ஒன்பது வயது தாண்டியபின், அவன் பேசத் தொடங்கினான். லண்டனில் ஃபரானே வர்கா-காடெம் தலைமையிலான குழு 1997ல் 'பிரெயின்' என்ற மருத்துவ இதழில் இந்த நிகழ்வை விரிவாக வெளியிட்டது. நோயாளி ஒரே ஒருவன்தான், ஆனால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு மொழி எப்படித் திரும்புகிறது என்று பேச உட்கார்ந்தால் இவனைத் தாண்டிப் போக முடியாது. "சின்ன வயசுதானே, தானாகச் சரியாகிவிடும்" என்று சொல்கிறவர்கள், "வயசு தாண்டிவிட்டது, இனி வராது" என்று சொல்கிறவர்கள், இரண்டு தரப்பும் உட்கார்ந்து படிக்க வேண்டிய நிகழ்வு இது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவன் பேச்சைத் தடுத்து வைத்திருந்தது அவன் வயதோ, இடது மூளை வேலை செய்யாமல் போனதோ அல்ல, அந்த இடது மூளை எடுக்கப்படாமல் இருந்துகொண்டு கொடுத்த தொல்லைதான்.

நோயும் முதல் எட்டு ஆண்டுகளும்

அவனுக்கு இருந்தது ஸ்டர்ஜ்-வெபர் நோய்க்குறி. பிறவியிலேயே வருவது, ஆனால் பெற்றோரிடமிருந்து வருவது அல்ல. கரு வளரும்போது ஜிஎன்ஏக்யூ என்ற மரபணுவில், உடம்பின் சில செல்களில் மட்டும் நடக்கும் ஒரு மாற்றம்தான் காரணம் என்று 2013ல்தான் தெரியவந்தது. இந்த நோயில் பொதுவாக நெற்றியிலும் கண்ணிமையிலும் கருஞ்சிவப்பு மச்சம் இருக்கும். மூளையைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக உருவாகியிருக்கும், அதற்குக் கீழே இருக்கும் புறணிக்கு ரத்தம் சரியாகப் போகாது, கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பகுதி சுருங்கிக் கால்சியம் படியும். கூடவே வலிப்பு. பலருக்கு இது ஒரு பக்க மூளையோடு நின்றுவிடும், மறுபக்கம் நோய் இல்லாமல் இருக்கும்.

இந்தச் சிறுவனுக்குப் பாதிக்கப்பட்டது இடது பக்கம். சிறு வயது முழுவதும் பேச்சு வளரவே இல்லை. தனிச் சொற்களையும் எளிய கட்டளைகளையும் புரிந்துகொள்ளும் திறனைச் சோதித்துப் பார்த்தபோது, அது மூன்று நான்கு வயதுக் குழந்தையின் அளவில் இருந்தது. வயது ஏறிக்கொண்டே போகிறது, புரிதல் அங்கேயே நிற்கிறது. எட்டு வயதுப் பையன் இப்படி இருந்தால் அன்றைய அறிவுப்படி யாரும் பெரிதாக நம்பிக்கை வைத்திருக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேச்சு இல்லை என்பதும் மொழி இல்லை என்பதும் ஒன்றல்ல. வாய் திறக்காத குழந்தையிடம் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டிய கேள்விகளை மட்டும் கேட்டால் பூஜ்யம்தான் மிஞ்சும், அந்தப் பூஜ்யத்தை வைத்துக் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டுவது எவ்வளவு சுலபம்! நான்கு படங்களை வைத்துச் சொன்ன படத்தைத் தொடச் சொல்வது, பொம்மையையும் பெட்டியையும் கொடுத்து இதை அதற்குள் போடு, அதற்குப் பின்னால் வை என்று சொல்லிப் பார்ப்பது மாதிரியான சோதனைகள் வேறு கதை சொல்லும். இவன் விஷயத்தில் அப்படி ஒரு அளவீடு இருந்ததால்தான், பேச்சு வந்த நாளில் அவன் ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து தொடங்கவில்லை என்று நமக்குத் தெரிகிறது. மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குப் புரிகிற மொழி என்பது சின்ன விஷயமே இல்லை. நூற்றுக்கணக்கான சொற்கள், யார் செய்தார்கள் யாருக்குச் செய்தார்கள் என்கிற வாக்கிய அமைப்பு, பேசுகிறவரின் குரல் ஏற்ற இறக்கம் எல்லாம் ஓரளவுக்கு உள்ளே போயிருக்க வேண்டும். இடது பக்கம் அவ்வளவு மோசமாக இருந்ததைப் பார்த்தால், அதில் பெரும்பகுதியை அப்போதே வலது பக்கம்தான் சுமந்துகொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

அறுவைச் சிகிச்சை

எட்டரை வயதில் இடது அரைக்கோளத்தின், அதாவது மூளையின் இடது பாதியின், புறணி நீக்கப்பட்டது. பாதி மூளையை அப்படியே எடுத்துவிட்டார்கள் என்று சுருக்கமாகச் சொல்வார்கள், அது முழுக்கச் சரியில்லை. வெளிப்புற அடுக்கான புறணியை எடுத்துவிட்டு, ஆழத்தில் இருக்கும் தலாமஸ் போன்ற பகுதிகளை விட்டுவைக்கும் முறை இது. பின்னாளில் பல இடங்களில், எடுப்பதைக் குறைத்து, இணைப்புகளை மட்டும் துண்டித்துவிட்டு நோயுற்ற பக்கத்தை உள்ளேயே விட்டுவிடும் முறைக்கு மாறிவிட்டார்கள்.

இதற்கு விலை உண்டு. இடது பக்கம் போனால் வலது கையின் நுணுக்கமான அசைவுகள் போகும், விரல்களைத் தனித்தனியாக அசைப்பது கஷ்டம், இரண்டு கண்ணிலும் வலது பக்கப் பார்வைப் பரப்பு போய்விடும். நடப்பது பெரும்பாலும் திரும்பிவிடும். ஏற்கெனவே உடம்பின் ஒரு பக்கம் பலவீனமாக இருக்கும் குழந்தைக்கு, மருந்துக்கு அடங்காத வலிப்பு தினசரி மூளையை உலுக்கிக்கொண்டிருக்கும்போது, இந்த விலையைக் கொடுக்கலாம் என்று குடும்பமும் மருத்துவர்களும் முடிவெடுப்பார்கள். இந்த அறுவைச் சிகிச்சையின் முதல் நோக்கம் வலிப்பை நிறுத்துவதுதான். ஒன்பது வயதை நெருங்கும் குழந்தைக்குப் பேச்சு வரும் என்று எதிர்பார்த்து யாரும் இதில் இறங்குவதில்லை.

அப்புறம் வலிப்பு மருந்துகளும் நிறுத்தப்பட்டன. அப்போது அவனுக்கு ஒன்பது வயது தாண்டியிருந்தது. பேச்சு வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான், அதுவும் திடீரென்று.

ஒன்பதிலிருந்து பதினைந்து வரை

அடுத்து வந்த ஆண்டுகளில் அவனைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். புரிதலும் பேச்சும் இரண்டுமே தொடர்ந்து ஏறின. பதினைந்து வயதில் அவன் மொழித்திறன் எட்டு முதல் பத்து வயதுக் குழந்தையின் அளவுக்கு வந்திருந்தது. உச்சரிப்பு தெளிவாக இருந்தது, வாக்கியங்கள் ஒழுங்காக அமைந்தன, இடத்துக்குப் பொருத்தமாகப் பேசினான். ஒலி, இலக்கணம், குரலின் ஏற்ற இறக்கம், சொற்பொருள் என்று பிரித்துப் பார்த்தால், இந்த வயதுக்கு மேல் இது மட்டும் வரவே வராது என்று சொல்லும்படி எந்த ஒன்றும் தனியாக விட்டுப்போகவில்லை. இதைத்தான் ஆய்வுக்குழு முக்கியமான முடிவாக முன்வைத்தது.

பதினைந்து வயதுப் பையன் எட்டு முதல் பத்து வயது அளவில் பேசுகிறான் என்றால் அது குறைதான், அதைக் கட்டுரையும் மறைக்கவில்லை. சக வயதுப் பிள்ளைகளோடு வைத்துப் பார்த்தால் பெரிய இடைவெளி. ஆனால் நான் இந்தக் கணக்கை இன்னொரு பக்கமிருந்து பார்க்கிறேன். ஒன்பது வயதில் புரிதல் மூன்று நான்கு வயது அளவில் இருந்தது. ஆறு ஆண்டு கழித்து எட்டு முதல் பத்து. அதாவது ஆறு ஆண்டில் ஏறத்தாழ ஐந்தாறு ஆண்டு வளர்ச்சி. இப்படி 'இத்தனை வயதுக் குழந்தையின் அளவு' என்று சொல்லும் வயதுச் சமன் என்ற அளவு கொஞ்சம் கரடுமுரடானது, அதை வைத்து நுணுக்கமாகக் கழித்துக் கூட்டக் கூடாது என்பது தெரிந்தே சொல்கிறேன், அந்தச் சிறுவன் ஏறக்குறைய மற்றக் குழந்தைகளின் வேகத்தில்தான் வளர்ந்திருக்கிறான். தாமதமாகக் கிளம்பினான், அவ்வளவுதான். முதல் எட்டு ஆண்டுகளில் தேங்கியதற்கும் அடுத்த ஆறு ஆண்டுகளில் ஓடியதற்கும் நடுவில் மாறியது என்ன என்பதுதான் இந்த நிகழ்வின் கேள்வி.

ஏன் அப்போது வந்தது?

மாறியவை இரண்டு. நோயுற்ற புறணி போயிற்று, மருந்து போயிற்று. இரண்டும் ஒரு ஆண்டுக்குள் அடுத்தடுத்து நடந்ததால் எது எவ்வளவு உதவியது என்று இந்த ஒரு குழந்தையை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன. இரண்டு அரைக்கோளங்களும் கார்பஸ் கலோசம் என்ற தடித்த நரம்புப் பாலத்தால் இணைந்தவை, இடது பக்கத்தில் கிளம்பும் வலிப்பு மின்னோட்டம் அந்தப் பாலம் வழியாக வலது பக்கத்தையும் கலைத்துக்கொண்டே இருக்கும். வெளியே தெரியும்படி உடல் வெட்டி இழுக்காத நேரத்திலும் இது நடக்கலாம். வலிப்பு மருந்துகளில் பல, குறிப்பாகப் பழைய தலைமுறை மருந்துகள், ஒன்றுக்கு மேற்பட்டவை சேரும்போது, கவனத்தையும் விழிப்பையும் மந்தப்படுத்தும். ஆக நல்ல வலது பக்கத்துக்கு நிம்மதியாக வேலை செய்ய நேரமே கிடைத்திருக்காது.

வலது பக்கத்துக்கு மொழி தெரியுமா என்ற சந்தேகம் வரும். சிறு குழந்தைகளிடம் தெரியும். 2020ல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, நான்கு வயது முதல் பதின்மூன்று வயது வரையான குழந்தைகளையும் பெரியவர்களையும் எம்ஆர்ஐ கருவிக்குள் வாக்கியங்களைக் கேட்க வைத்துப் பார்த்தது. சின்னக் குழந்தைகளிடம் இடது பக்கத்தோடு வலது பக்கமும் நன்றாகவே வேலை செய்தது, வயது ஏற ஏற வலது பக்கத்தின் பங்கு குறைந்தது. பிறந்த நேரத்தில் இடது பக்கத்தில் பக்கவாதம் வந்தவர்களை, வளர்ந்து பெரியவர்களான பிறகு, அதே பல்கலைக்கழகத்தில் எலிசா நியூபோர்ட் குழு ஆராய்ந்து 2022ல் வெளியிட்ட முடிவும் இதோடு சேர்கிறது: அவர்களிடம் மொழி வலது பக்கத்தில், இடது பக்கத்தில் எங்கே இருந்திருக்குமோ அதற்கு நேர் எதிரான இடங்களில் இருந்தது. கண்ட இடத்தில் சிதறிக் கிடக்கவில்லை.

ஒப்பிட இன்னொரு சிறுவன்

மேலே சொன்ன சிறுவனுக்கு மொழி புதிதாக வந்தது. இருந்த மொழி போய்த் திரும்புவது வேறு. அதற்கு 2002ல் பிரான்சிலிருந்து லூசி எர்ட்ஸ்-பானியே குழு வெளியிட்ட நிகழ்வை அருகில் வைக்க வேண்டும். வலது கைப் பழக்கமுள்ள சிறுவன், ஐந்தரை வயது வரை இயல்பான வளர்ச்சி, பிறகு ராஸ்முசென் நோய். ஒரு பக்க மூளையை மட்டும் தாக்கும் அழற்சி அது, வலிப்பு நிற்காது. கிட்டத்தட்ட ஏழு வயதில் எடுத்த செயல்பாட்டு எம்ஆர்ஐயில், அதாவது மூளையின் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் படத்தில், அவன் மொழி இடது பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரிந்தது. ஒன்பது வயதில் இடது அரைக்கோளம் துண்டிக்கப்பட்டது.

உடனே பேச்சு போயிற்று, வாசிப்பும் போயிற்று. ஆனால் பிறர் பேசுவதைப் புரிந்துகொள்வது சீக்கிரம் திரும்பியது. பேச்சு மெதுவாக வந்தது, முழுமையாகவும் வரவில்லை. பத்தரை வயதில் மறுபடி எம்ஆர்ஐ எடுத்தபோது, முன்பு இடது பக்கத்தில் வேலை செய்த பகுதிகளுக்கு நேர் எதிரே வலது பக்கப் பகுதிகள் இயங்கின. ஒரே குழந்தையிடம் அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படம் இருப்பதால் இந்த நிகழ்வுக்குத் தனி மதிப்பு. மொழி இடம் மாறியதை ஊகமாக இல்லாமல் படமாகவே பார்க்க முடிகிறது.

இரண்டு பேருக்கும் ஒன்பது வயதை ஒட்டித்தான் அறுவைச் சிகிச்சை. ஒருவன் அதன் பிறகு ஏறுகிறான், ஒருவன் முதலில் விழுந்து பிறகு ஏறுகிறான். முதல் சிறுவனிடம் இடது பக்கம் பிறவியிலிருந்தே நோயில் இருந்ததால் வலது பக்கம் நீண்ட நாளாகத் தயாராகிக்கொண்டிருந்தது. இரண்டாவது சிறுவனிடம் வேலையை அதுவரை இடது பக்கமே பார்த்துவந்ததால், அது போனதும் வலது பக்கம் திடீரென்று பொறுப்பேற்க வேண்டியிருந்தது. நான் இதை இப்படித்தான் படிக்கிறேன். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் இடது அரைக்கோளம் நீக்கப்பட்ட ஆறு குழந்தைகளைப் பின்தொடர்ந்த 1999ம் ஆண்டு ஆய்விலும் இதே வரிசைதான்: ஒலிகளைப் பிரித்தறிவதும் புரிதலும் முன்னால் வந்தன, பேச்சும் பொருள்களுக்குப் பெயர் சொல்வதும் பின்தங்கின. பெற்றோர் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. குழந்தை பேசாமல் இருக்கும் அந்த வாரங்களில் அவர்கள் பேசுவது குழந்தைக்குப் புரிந்துகொண்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, அதனால் அதன் எதிரில் நின்று "இனிமேல் பேச மாட்டானா" என்று யாரும் கேட்கக் கூடாது.

வலது பக்கம் கைகொடுக்கும் என்ற எண்ணம் எம்ஆர்ஐயோடு வந்ததல்ல. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் பார்லோ 1877ல் எழுதிய பத்து வயதுச் சிறுவனின் கதை இருக்கிறது: உடம்பின் வலது பக்கம் பலவீனமாகிப் பேச்சு போயிற்று, சீக்கிரமே பேச்சு திரும்பியது. சில மாதம் கழித்து உடம்பின் இடது பக்கம் பலவீனமானது, மறுபடி பேச்சு போயிற்று, இந்த முறை திரும்பவில்லை. சிறுவன் இறந்த பிறகு பார்த்தால் இரண்டு அரைக்கோளங்களிலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் சேதம். முதல் தடவை பேச்சை மீட்டுக் கொடுத்தது வலது பக்கமா என்று அப்போதே பலர் யோசித்தார்கள்.

வயது என்ன சொல்கிறது?

1967ல் மொழியியலாளர் எரிக் லென்னபர்க், மொழி கற்கும் பருவம் பூப்பெய்தும் வயதோடு முடிகிறது, அதற்குள் அடிபட்டால் மறுபக்கம் ஏற்றுக்கொள்ளும் என்று எழுதினார். அதற்கு முன்பே மார்கரெட் கென்னார்ட் குட்டிக் குரங்குகளில் செய்த சோதனைகளை வைத்து "எவ்வளவு சின்ன வயதோ அவ்வளவு நல்லது" என்று ஒரு விதி அவர் பெயரில் பரவிவிட்டது, அவரே அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை என்றாலும். இந்த விதியை நம்பி நிம்மதியாக இருக்கும் பெற்றோரைப் பார்த்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் காயம் எந்த வகை என்பதைப் பொறுத்து இது தலைகீழாகவும் மாறும்.

பக்கவாதம் ஒரு இடத்தைக் கெடுக்கிறது, மற்ற இடம் நன்றாக இருக்கிறது. அதனால் பிறந்த நேரத்துப் பக்கவாதத்தில் மொழி நன்றாக வருகிறது. விபத்தில் தலையில் பலமாக அடிபடும்போது அப்படியில்லை, மூளை முழுக்க நரம்பிழைகள் அறுபடுகின்றன, ஏற்றுக்கொள்ள நல்ல பக்கம் என்று ஒன்று மிஞ்சுவதில்லை. இதில் சின்ன வயது பாதுகாப்பு தருவதில்லை. ஆஸ்திரேலியாவில் விக்கி ஆண்டர்சன் குழுவின் ஆய்வுகளில், மிகச் சிறு வயதில் கடுமையாக அடிபட்டவர்களுக்குத்தான் விளைவு மோசமாக இருந்தது. லாண்டௌ-கிளெஃப்னர் நோயில், அதாவது வலிப்பு மின்னோட்டத்தால் குழந்தை கேட்டதைப் புரிந்துகொள்ளும் திறனையே இழக்கும் நோயில், சிறு வயதில் தொடங்கியவர்களைவிடத் தாமதமாகத் தொடங்கியவர்கள் மேலாக மீண்டதை டோரத்தி பிஷப் 1985ல் காட்டினார். லென்னபர்க் சொன்னதற்கு நேர் எதிர். லாஸ் ஏஞ்சலஸில் அரைக்கோளம் நீக்கப்பட்ட குழந்தைகளை ஆராய்ந்த சூசன் கர்டிஸ் குழுவும், பேச்சு எவ்வளவு வரும் என்பதில் நோயின் காரணம் பெரிய பங்கு வகிக்கிறது என்றுதான் கண்டது. மூளை உருவாகும்போதே தவறாக உருவானவர்களைவிட, சரியாக உருவாகிப் பிறகு ஒரு பக்கம் கெட்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். முதல் வகையில் நல்ல பக்கம் என்று நினைப்பதும் உண்மையில் முழுக்க நல்லதாக இல்லாமல் இருக்கலாம்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் எங்கள் சிறுவனுக்கு, எங்கள் என்று சொல்லிவிட்டேன், இத்தனை பக்கம் படித்த பிறகு அப்படித்தான் தோன்றுகிறது, சாதகமாக இருந்தவை தெளிவாகத் தெரிகின்றன: நோய் ஒரு பக்கத்தோடு நின்றது, மறுபக்கம் நல்லபடி உருவாகியிருந்தது, புரிதல் ஓரளவு இருந்தது, வலிப்பு அடங்கியது. ஒன்பது வயது என்பது இந்த நான்குக்கும் முன்னால் தோற்றுப்போனது. இவற்றில் ஒன்று இல்லாத குழந்தைக்கு இவனைக் காட்டி நம்பிக்கை தருவது நியாயமில்லை.

மீண்ட பிறகும் பார்க்க வேண்டியவை

வலது பக்கம் மொழியை ஏற்றுக்கொள்ளும்போது அதன் சொந்த வேலைக்கு இடம் குறையும் என்று ஹான்ஸ்-லூகாஸ் டாய்பர் 1970களில் சொன்னார். மொழி நன்றாக இருக்கும், ஆனால் வடிவங்களை ஒப்பிடுவது, வரைபடத்தைப் படிப்பது, தாளில் எண்களை நேராக அடுக்குவது போன்றவை பின்தங்கும். பேச்சு வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இதை யாரும் சோதிப்பதில்லை. பள்ளியில் கணக்கு வரவில்லை, கவனமில்லை என்று குழந்தைமேல் பழி விழுகிறது.

அதைவிட அடிக்கடி தவறுவது, அன்றாடப் பேச்சை வைத்துக் குழந்தை குணமாகிவிட்டது என்று முடிவு செய்வது. தலையில் அடிபட்ட குழந்தை முதலில் மௌனமாக இருக்கும், பிறகு ஒற்றைச் சொல், குட்டி வாக்கியம், சில மாதங்களில் சாதாரணமாகப் பேசுகிறது. சோதனை அறையில் படத்தைக் காட்டினால் பெயர் சொல்லிவிடும். ஆனால் நேற்று நடந்ததைக் கோர்வையாகச் சொல்லச் சொன்னால் நடுவில் தொலைந்துவிடும், சொல் நாக்கு நுனியில் நிற்கும், மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினால் தொடர முடியாது, வேகமாக எழுத வராது. சின்ன வகுப்பில் இது தெரியாது, ஏனென்றால் அங்கே அவ்வளவு மொழி தேவையில்லை. பாடம் நீளமாகி, தானே படித்துச் சுருக்கி எழுத வேண்டிய வகுப்புக்கு வரும்போது விழும். அப்போது அடிபட்டு ஐந்தாறு ஆண்டு ஆகியிருக்கும், பேச்சுப் பயிற்சி எப்போதோ நின்றிருக்கும், இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்க்க ஆள் இருக்காது.

அதனால் இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது அவர்கள் அளந்த விதத்தைத்தான். அறுவைச் சிகிச்சைக்கு முன்பே புரிதலைத் தனியாக அளந்தார்கள், பேச்சு வந்த பிறகும் விட்டுவிடாமல் ஆறு ஆண்டு திரும்பத் திரும்ப அளந்தார்கள். தலையில் அடிபட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் இவ்வளவு செய்ய முடியாது, சரி. ஆனால் புரிதல், பேச்சு, வாசிப்பு, கதை சொல்வது ஆகிய நான்கையும் தனித்தனியாக ஒரு முறை எழுதி வைத்துவிட்டு, பள்ளியில் அடுத்த கட்டத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அதே நான்கைத் திரும்பப் பார்ப்பது எந்தப் பேச்சுப் பயிற்சியாளராலும் முடியும். பெற்றோரே அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம், புதிய ஆசிரியரிடம் முதல் வாரத்திலேயே காட்டலாம்.